சாவிக்குப் போட்ட பூட்டு

பதினோராவது படி எதற்கு என்று கௌசல்யா கேட்டபோது நான் சரியான பதிலைச் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், பதுளைக் கந்தோரில் என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டங்களில் பெய்கிற மழையை அளந்து கொழும்புக்கு அனுப்புவது எங்கள் கந்தோரின் வேலை. மழை ஓர் அளவைத் தாண்டினால் கொழும்பிலிருந்து சிவப்பு அறிவித்தல் வரும். சரிவில் குடியிருக்கிறவர்கள் உடனே இறங்கிவிட வேண்டும். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டங்களில் வைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள் பாஸ்வேர்ட் இல்லாமல் தாமாகவே கொழும்பு சேர்வருக்குள் போய்வர, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி வைத்துக் கொடுக்க வேண்டும். அதைத்தான் நான் பார்த்துவந்தேன். இனிமேல் கௌசல்யா பார்ப்பாள். சாவி வைக்கும் முறை பன்னிரண்டு படிகளாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தது. அதை வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"அண்ணே, மத்ததெல்லாம் வெளங்குது. இந்தப் பதினோராவது என்னா? 'கரண்டைப் பிடுங்கவும். பேட்டரியையும் கழற்றவும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடி கொடுக்கவும். எதையும் தொடாமல், தானாக உள்ளே போகிறதா என்று பார்த்திருக்கவும்.' தேத்தண்ணி குடிக்கிறதும் ஒரு படியா?"

"ஆமா, அதுவும் படிதான்."

"சுந்தரம் அண்ணனுக்கு மழை பெஞ்சாலும் பயம், பெய்யாட்டியும் பயம்னு உங்களப் பத்திச் சொல்றாங்க. சரிதான் போல."

சிரித்தாள். நானும் சிரித்து மழுப்பினேன். இப்போது சாவிகளையெல்லாம் கொழும்பிலிருந்தே செய்து அனுப்பும் புது ஏற்பாடு வரப்போகிறதாம். அந்தத் தாளையும் கிழித்துவிடுவார்கள். கந்தோரின் ஆண்டு மலருக்கு அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்லதாக நாலு சம்பவம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு எழுத வருவது ஒன்றுதான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, அப்பா படுக்கையில் விழுந்த வருடம் பதுளைக் கடைத்தெருவுக்கு ரேடியோ திருத்தும் கடையில் வேலைக்கு வந்தேன். ரேடியோ போய் டிவி வந்தது, டிவியோடு கம்ப்யூட்டரும் வந்தது. திருத்தித் திருத்தியே பழகினேன். ஆங்கிலம் தெரியாது, திரையில் வரும் எழுத்துக்களை அப்படியே கொப்பியில் வரைந்துகொள்வேன். பக்கத்தில் அதைச் செய்தால் என்ன நடக்கும் என்று தமிழில் எழுதுவேன். அந்தக் கடையில் ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் கைக்கடிகாரத்தைக் காணவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். கடிகாரம் அவருடைய பைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இது காணாமல் போனால் முதலில் யாரைக் கேட்பார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் தொடுவேன்.

கந்தோருக்கு உதவியாளாக வந்தபோது எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் பிலோமினா மிஸ். பதுளைக்காரர். மெலிந்த உடம்பு, எப்போதும் பருத்திச் சேலை, மூக்கில் நழுவி நிற்கும் கண்ணாடி. நாங்கள் யாராவது பாஸ்வேர்ட் அடிக்கத் தொடங்கினால் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கண்ணை மூடுவதோ, கையால் மறைப்பதோ கிடையாது. கலண்டரில் இன்றைக்கு என்ன நாள் என்று பார்ப்பவர்போல நிற்பார். எட்டாம் வகுப்புப் படித்த உதவியாள் அடிக்கும் பாஸ்வேர்டுக்கும் அதே மரியாதைதான். ஏசவும் மாட்டார். நாங்கள் எதையாவது கெடுத்து வைத்தால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "என்ன செஞ்சீங்க? வரிசையாச் சொல்லுங்க" என்பார். சொல்லச் சொல்ல, எங்கே பிழை விட்டோம் என்று எங்களுக்கே விளங்கிவிடும். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

மிஷின்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் காலையில் போத்தலில் விழுந்த மழைநீரை அளந்து எங்களுக்குப் போனில் சொல்வார். மேல் டிவிசன் என்ற தோட்டப் பிரிவில் அதைச் செய்துவந்தவர் பார்வதியக்கா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவை அவர்தான் பார்த்துவந்தார். ஆறு மணிக்கு அவருடைய போன் கோல் வரும். "தம்பி, பதுளையில வெயிலா? இங்க பேய் மழை. எழுதிக்குங்க" என்று தொடங்குவார். பின்னால் ஏதாவது ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும். அளவைச் சொல்லிவிட்டு, "ரெண்டு தரம் கேக்காதீங்க தம்பி, நான் சரியாத்தான் பாத்தேன்" என்பார். நான் இரண்டு தரம் கேட்பேன்.

பிறகு ஆறு தோட்டங்களுக்குச் சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். வெளியே இருக்கும் மழைமானியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு முறை கொழும்பு சேர்வருக்குள் போய் அதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மனிதன் என்றால் பாஸ்வேர்ட் அடிப்பான். ஆளில்லாத காம்பராவில் யார் அடிப்பது? அதற்குத்தான் சாவி.

மிஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்த விதம் இது: "இந்த மிஷின்ல ஒரு பூட்டும் ஒரு சாவியும் சோடியாச் செய்யிறோம். பூட்டைக் கொழும்புக்கு அனுப்பிருவோம். அத யாரு பாத்தாலும் பரவாயில்ல. சாவி மட்டும் இந்த மிஷினை விட்டு வெளிய போகக் கூடாது."

கொழும்பு சேர்வரில் ஒரு கோப்பு உண்டு. அதில் ஒரு பூட்டுக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் அது யார் வைத்தது என்று பெயர் இருக்கும். சாவி இருக்கும் கோப்பை மற்றவர்கள் திறக்க முடியாதபடி வைக்க வேண்டும். கொஞ்சம் தளர்த்தி வைத்தாலும் அந்தச் சாவி செல்லாது. எல்லாம் முடிந்ததும் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அப்போதும் திரையில் திறந்திருக்கும் பழைய சன்னலை மூடவிட மாட்டார் மிஸ். "உள்ள ஒரு ஆள் நின்னுக்கிட்டுக் கதவைப் பூட்டிப் பாக்கணும் சுந்தரம். எல்லாரும் வெளிய நின்னுக்கிட்டுப் பூட்டிப் பாக்கக் கூடாது" என்பார்.

முதல் தோட்டத்தில் நான் வைத்த சாவி வேலை செய்த நாள் நினைவிருக்கிறது. பெயர் கேட்கவில்லை, பாஸ்வேர்ட் கேட்கவில்லை. கதவு திறந்தது. வாழ்க்கையில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் யாரு, எங்கேயிருந்து, என்ன விசயம் என்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். மிஸ்ஸுக்குத் தெரியாமல் வெளியே வந்து மறுபடி இரண்டு தரம் உள்ளே போய்ப் பார்த்தேன்.

சாவி செய்யும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: இந்தச் சாவிக்கே ஒரு பூட்டுச்சொல் வேண்டுமா? மனிதர்கள் வைத்திருக்கும் சாவிக்கு அது வேண்டும். திருடு போனாலும் சொல் தெரியாதவன் பாவிக்க முடியாது. ஆனால் தனியாக நிற்கும் மிஷினுக்குப் போடக் கூடாது. மிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார். "வெறுமையா விட்டு ரெண்டு தரம் என்டர் தட்டுங்க." ஐந்து தோட்டங்களில் அவர் பக்கத்தில் நிற்க அப்படியே தட்டினேன். ஆறாவது, மேல் டிவிசன். அங்கே நான் தனியாகப் போனேன்.

டிவிசனில் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பிள்ளைக்காம்பரா என்பதால் மிஷினை அங்கேதான் வைக்க வேண்டும். லயத்திலிருந்து சரிவோரமாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். கதவுக்குப் பூட்டு இல்லை, ஒரு கம்பிக் கொக்கிதான். யாராவது இரவில் வந்து இந்த மிஷினைக் கழற்றிக்கொண்டு போனால்? அதற்குள் இருக்கும் சாவியை வைத்துக் கொழும்பு சேர்வருக்குள் புகுந்து எதையாவது அழித்தால்? அந்த வரியின் கடைசியில் இருப்பது என் பெயர். எல்லோருடைய கண்ணும் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி வந்தபோது நான் பூட்டுச்சொல் ஒன்றை அடித்தேன். அதை ஒரு முறை கொடுத்தால், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் நினைவில் வைத்திருக்கச் செய்யும் வழி ஒன்று என் கொப்பியில் இருந்தது. அதையும் செய்தேன். மிஷின் நின்றுபோனால் மறந்துவிடும் என்று தெரியும். ஆனால் பேட்டரி இருக்கிறதே, இரண்டு மணி நேரம் தாங்குமே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கொழும்புக்குள் போய்ப் பார்த்தேன். கேள்வி கேட்காமல் விட்டது. மிஸ் பதுளையிலிருந்து பார்த்தார். அளவுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. சரிபார்த்ததாகக் கையொப்பம் போட்டார்.

கிளம்பும்போது பார்வதியக்கா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மிஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"இனி நான் போன் போட வேணாமா தம்பி?"

"வேணாம்க்கா. இதுவே தானாப் போய்ச் சொல்லிட்டு வந்துரும்."

"எனக்கு வேல மிச்சம். ஆனா உங்களுக்குத்தான் பாவம், ரெண்டு தரம் கேக்க ஆளில்லாமப் போயிருச்சு" என்று சிரித்தார்.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அது ஒரு சனிக்கிழமை. மூன்று நாளாக மழை. மேல் டிவிசனில் காலையில் போன கரண்ட் மூன்றரை மணி நேரம் வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் திரையில் அந்தத் தோட்டத்துக்கு நேரே அளவு வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு வந்தது. மழை நாளில் சிக்னல் போவது வழக்கம், வேறு இரண்டு தோட்டத்துக்கும் அப்படித்தான் கோடு. கொழும்பில் இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என்னால் மட்டும் அப்படி விட முடியவில்லை. மூன்று மணிக்குப் பார்வதியக்காவுக்குக் கோல் எடுத்தேன். சிக்னல் தெளிவாக இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"மிஷின்ல லைட்டு எரியுதாக்கா?"

"எரியுது தம்பி. பச்ச லைட்டு. கரண்டு இப்பத்தான் வந்துச்சு."

மிஷின் உயிரோடு இருக்கிறது. மழையை எண்ணிக்கொண்டிருக்கிறது. சொல்லப் போக முடியாமல், நான் போட்ட பூட்டுச்சொல்லை யாராவது அடிப்பார்களா என்று காத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த நிமிடம் நான் செய்திருக்க வேண்டியது இரண்டு. "அக்கா, போத்தல்ல அளந்து சொல்லுங்க" என்று கேட்டிருக்க வேண்டும். மிஸ்ஸிடம் போய், சாவியைப் பூட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அளவைக் கேட்டால் ஏன் கேட்டீர்கள் என்று மிஸ் கேட்பார், உண்மையைச் சொல்ல வேண்டி வரும், அதனால் இரண்டையும் செய்யவில்லை. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போய் நானே பூட்டுச்சொல்லை அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அதற்கும் மேலே ஒன்று செய்தேன்.

"அக்கா, நாளைக்குக் காலைல நான் வாறேன். ஏழு மணிபோல நீங்க ஒருக்கா போய் லைட்டு எரியுதான்னு பாத்து எனக்கு ஒரு கோல் போடுங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கிழம தம்பி. காம்பரா இல்ல."

"தெரியும்க்கா. ஒருக்கா மட்டும்."

"சரி சரி, பயப்படாதீங்க. ஒரு எட்டு பாத்துட்டுப் போடுறேன்."

லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். அவர் பார்த்துச் சொல்வதால் எனக்கு ஒரு பயனும் இல்லை. என் மனது ஆற வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். இதைத்தான் இத்தனை வருடமும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு ஏழு மணிக்குக் கோல் வரவில்லை. மழை கொஞ்சம் விடட்டும் என்று பொறுத்திருப்பார். ஏழரை பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் சிக்னல் இல்லாத மலைப் பக்கம் வந்தது. அங்கேயே ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றது. இறங்கி நடந்தோம். வளைவைத் தாண்டியதும் என் போன் சத்தம் போட்டது. மூன்று மிஸ்ட் கோல். எட்டு முப்பத்துநான்கு. எட்டு நாற்பத்தொன்று. எட்டு ஐம்பத்திரண்டு. மூன்றும் பார்வதியக்காவின் நம்பர். திருப்பி எடுத்தேன். அந்த நம்பருடன் இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்ணின் குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

எனக்கு எதிரே மழைக்கோட்டு போட்ட இருவர் ஓடி வந்தார்கள். "எங்க போறீங்க? மேல போகாதீங்க. பிள்ளக்காம்பரா போச்சு."

லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சரிவில் ஒரு துண்டு மட்டும் கிளம்பி வந்து பிள்ளைக்காம்பராவை மூடிக்கொண்டு ஓடை வரைக்கும் போயிருந்தது. பின்னேரம் பார்வதியக்காவின் உடலை மண்ணிலிருந்து எடுத்தார்கள். அவருடைய போன் கிடைக்கவேயில்லை. அங்கே நின்றவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: நல்ல வேளை, ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளாக இருந்தால் பதினைந்து பிள்ளைகள். நானும் தலையை ஆட்டினேன்.

மிஷினை நாலு நாள் கழித்துச் சேற்றிலிருந்து தோண்டிக் கொண்டுவந்தார்கள். அதன் மெமரி கார்டைக் கழுவித் துடைத்து, மிஸ் தன் கம்ப்யூட்டரில் போட்டார். நான் பின்னால் நின்றேன். எல்லாம் இருந்தது. கரண்ட் திரும்பி வந்த நேரத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஞாயிறு காலை எட்டு ஐம்பது வரைக்கும் மழை வரிசையாக எழுதப்பட்டிருந்தது. சனிக்கிழமை பின்னேரமே அளவு சிவப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. அதற்குக் கீழே, அரை மணிக்கொரு தரம், கொழும்புக்குள் போக முயன்று முடியாமல் திரும்பியதற்கான வரிகள். மிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"இந்தச் சாவிக்குப் பூட்டு போட்டது யாரு சுந்தரம்?"

"நான்தான் மிஸ்."

வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். "வரிசையாச் சொல்லுங்க."

கொக்கி போட்ட கதவிலிருந்து பச்சை லைட் வரைக்கும் சொன்னேன். நாளைக்குப் போய்ப் பாருங்கள் என்று அக்காவிடம் கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன்.

"வேலைய விட்டுர்றேன் மிஸ்."

"விட்டுட்டுப் போனா உங்களுக்கு லேசாயிரும். இருங்க" என்றார். பிறகு, "நான் கையொப்பம் போட்டிருக்கேன். கரண்ட ஒருக்காப் பிடுங்கிப் பாத்தீங்களான்னு நான் கேக்கல" என்றார். அறிக்கையில் என் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார். பதினோராவது படியை அன்றைக்கே, என் கண் முன்னால், அவர்தான் எழுதினார். தேத்தண்ணி விசயமும் அவர் எழுதியதுதான். பேட்டரியைக் கழற்றிய பிறகும் மிஷினில் மிச்சமிருக்கும் உயிர் முழுதாகப் போவதற்கு அவ்வளவு நேரம் வேண்டுமாம். மறு மாதம் அவரை வேறு கந்தோருக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு மேசையும் கோப்பும்தான், தோட்டங்களுக்குப் போகும் வேலை இல்லை.

அந்த இடமாற்றத்துக்கு முன் விசாரணை நடந்தது. தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். விசாரிக்க வந்தவர், ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா அங்கே எதற்குப் போனார் என்று கேட்டார். "கூட்டிப் பெருக்கிட்டு வரப் போயிருக்கும்ங்க. அந்தக்கா சும்மா இருக்காது" என்றார் தோட்டத் தலைவர். மிஸ் எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்து, "வேற யாருக்காவது தெரியுமா?" என்றார். நான் மேசையின் மரக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டிப் பெருக்கப் போனார் என்றே எழுதப்பட்டது.

அதன் பிறகு பல தோட்டங்களுக்கு எத்தனையோ சாவி வைத்தேன். ஒவ்வொரு தரமும் கரண்டைப் பிடுங்கினேன். ஒன்றும் பிழையாகவில்லை. நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கினேன். கௌசல்யா கேட்டுவிட்டுப் போன அன்றைக்கு, ஓய்வு பெற்றபின் யாரிடம் இதைச் சொல்லப் போகிறோம் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

பார்வதியக்காவின் மகள் ரேவதி எல்ல என்கிற ஊரில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் துணி துவைக்கும் வேலை செய்கிறாள் என்று விசாரித்து அறிந்தேன். போன வாரம் போனேன். விடுதியின் பின்புறத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"பதுளைக் கந்தோர் அண்ணந்தானே? அம்மா எழவுக்கு வந்து, பூராவும் நின்னுக்கிட்டே இருந்தீங்க. ஒக்காரச் சொன்னாலும் ஒக்காரல."

"உன்கிட்ட ஒன்னு சொல்லணும்மா."

"அதுக்குன்னு இவ்வளவு தூரமா? இதுல ஒக்காருங்க."

அன்றைக்கும் உட்காரவில்லை. சொன்னேன். சாவிக்குப் பூட்டுப் போட்டதையும், சனிக்கிழமை கோலையும், லைட்டைப் பார்த்துச் சொல்லக் கேட்டதையும், மூன்று மிஸ்ட் கோலையும் சொன்னேன். அவள் கையில் ஒரு விரிப்பு நனைந்தபடி இருந்தது. தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"லைட்டப் பாக்கவா போச்சு?"

"ஆமாம்மா."

"அது எரிஞ்சா என்னா, எரியாட்டி என்னா?"

"ஒன்னும் இல்ல. எப்பிடியும் நான் வந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

விரிப்பின் ஒரு முனையை முறுக்கினாள். பிறகு, "மூணு தரமா எடுத்துச்சு?" என்றாள்.

"மூணு தரம். மொத கோலுக்கும் கடைசிக் கோலுக்கும் பதினெட்டு நிமிசம். அங்க விட்டா வேற எடத்துல சிக்னல் இல்லயே. நான் எடுக்கிற வரைக்கும் நின்னிருக்கு. மொத தரமே நான் எடுத்திருந்தா லயத்துக்குத் திரும்பிப் போயிருக்கும்."

அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன் என்று இப்போது படுகிறது. அவள் விரிப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"என் தம்பிக்கு இது தெரியாது" என்றாள்.

பார்வதியக்காவுக்கு ஒரு மகன் இருந்தது எனக்கு நினைவிருந்தது. எழவு வீட்டில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்தவன்.

"அந்தச் சனிக்கிழம அவன் போன் பேச அங்க போயிருக்கான் அண்ணே. சார்ஜர அங்கயே சொவத்துல விட்டுட்டு வந்துட்டான். ராத்திரி பூரா அம்மாகிட்ட கத்திக்கிட்டு இருந்தானாம், சார்ஜர் இல்ல, போன் செத்துப் போச்சு, இந்த வீட்டுல ஒன்னும் ஒழுங்கா இல்லன்னு. காலைல எந்திரிச்சா அம்மா இல்ல. அவனுக்குச் சார்ஜர் எடுத்துட்டு வரத்தான் போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். இன்னைக்கி வரைக்கும்."

முதலில் அவள் காட்டிய கல்லில் உட்கார்ந்தேன்.

"கொழும்புல கடைல வேல செய்றான். போன் வாங்க மாட்டேங்கிறான். எல்லாரும் சிரிக்கிறாங்க, இந்தக் காலத்துல போன் இல்லாத பயலான்னு. கடை போன்லதான் என்கிட்டப் பேசுவான். கல்யாணம் பேசப் போனா, நான் அம்மாவக் கொன்னவன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிர்றான்."

"நீ அவன்கிட்டச் சொல்லும்மா. நான் வந்து சொன்னேன்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்." அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பான். எத்தன தரம் எத்தன கத சொல்லியிருக்கேன் தெரியுமா? நீங்கதான் சொல்லணும். வர்ற வெள்ளிக்கிழம லீவுல வாறான். எல்ல ஸ்டேசனுக்கு வாங்க."

"வாறேன்."

"வாறேன்னு சொல்லிட்டு வராம இருந்துறாதீங்க அண்ணே. அம்மா அந்த மழையிலயும் சொன்ன சொல்லுக்குப் போச்சு."

தொட்டியிலிருந்து விரிப்பை எடுத்து மறுபடி பிழியத் தொடங்கினாள். போய்வருகிறேன் என்றேன். அவள் திரும்பவில்லை.

நான் நினைத்துக்கொண்டிருந்தது, என் மௌனத்தைச் சுமப்பவன் நான் மட்டும் என்று. ஒரு ஆள் தன் வாலிபம் முழுவதும் அதை எனக்காகச் சுமந்திருக்கிறான். யாருடையது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இன்று வியாழக்கிழமை. இதை ஆண்டு மலரில் போடுவார்களோ மாட்டார்களோ தெரியாது. பிலோமினா மிஸ்ஸுக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்த அறிக்கையில் இல்லாமல் போன ஒரு பகுதி இதில் இருக்கிறது.

நாளைக்கு அவனிடம் என்ன சொல்வது என்று மூன்று தாளில் எழுதி மூன்றையும் கிழித்தேன். எல்லாமே என்னைப் பற்றித்தான் தொடங்குகின்றன. கொக்கிக் கதவு, என் பயம், என் பெயர் இருந்த வரி. அவன் பாதியில் எழுந்து போய்விடலாம். என் சட்டையைப் பிடிக்கலாம். பிடிக்கட்டும். அதற்கு முன்னால் அவன் காதில் ஒரு வரி விழுந்துவிட வேண்டும். ரயிலை விட்டு இறங்கியதும், நான் யார் என்று சொல்வதற்கும் முன்னால் அதைச் சொல்லிவிடப் போகிறேன். தம்பி, உங்கம்மா சார்ஜர் எடுக்கப் போகல.